எண்ணெய் கெடைச்சிருச்சாம்ல? அந்த ஃபார்வர்ட் வந்தா கணக்கு போட்டுப் பாக்குறது எப்படி

"அந்தமான்ல கடலுக்கடியில எண்ணெய் சமுத்திரமே இருக்காம், ராமநாதபுரத்துலயும் இருக்காம், இனிமே அரபு நாட்டுக்காரன்கிட்ட கையேந்த வேண்டியதில்ல, பெட்ரோல் அம்பது ரூவாய்க்கு வந்துரும்." இந்த மாதிரி ஒரு மெசேஜ் காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர்னு நம்ம பக்கத்து குரூப் எதத் தொறந்தாலும் சுத்திக்கிட்டே இருக்கு. கீழ வரிசையா கைதட்டுற பொம்மை வேற. நெறைய தடவை அந்த சேதியில பாதி நெசமாத்தான் இருக்கும், கிணறு தோண்டியிருப்பாங்க, ஏதோ கெடைச்சும் இருக்கும், ஆனா அதுல இருந்து "இறக்குமதியே வேண்டாம்"னு தாவுறாங்க பாருங்க, அங்கதான் கணக்கு ஒதைக்குது. அத நீங்களே செக் பண்றதுக்குத்தான் இது. பெரிய படிப்பெல்லாம் வேண்டாம், செல்போன் கால்குலேட்டர் போதும்.

முதல்ல மூணு நம்பரை மனசுல வச்சுக்குங்க

இந்தியா ஒரு நாளைக்கு செலவழிக்கிறது சுமார் 55 லட்சம் பேரல். பெட்ரோல், டீசல், சமையல் கேஸ், விமானத்துக்கு ஊத்துறது, தார் எல்லாம் சேத்து. ஒரு பேரல்னா 159 லிட்டர், அப்ப ஒரு நாளைக்கு 87 கோடி லிட்டர்.

நம்ம மண்ணுலயும் கடல்லயும் இருந்து நாமளே எடுக்கிறது ஒரு நாளைக்கு ஆறு லட்சம் பேரலுக்கும் கொஞ்சம் கீழ. வருஷக் கணக்குல சொன்னா 2024-25ல 2.87 கோடி டன் கிட்ட. அதே வருஷம் கப்பல்ல வந்த கச்சா எண்ணெய் 24 கோடி டன்னுக்கு மேல. (வர்றது அம்புட்டையும் நாமளே எரிக்கல, ஜாம்நகர் மாதிரி எடத்துல சுத்திகரிச்சு டீசலாவும் பெட்ரோலாவும் வெளிநாட்டுக்கு வித்துடறாங்க. அதக் கழிச்சுப் பாத்தாலும் நம்ம தேவையில நூத்துக்கு 85க்கு மேல வெளிநாட்டு எண்ணெய்தான்.)

மூணாவது நம்பர் 3,800. 55 லட்சத்த ஒரு நாளோட 1,440 நிமிஷத்தால வகுத்தா வர்றது, அதாவது நாடு ஒரு நிமிஷத்துக்கு குடிக்கிற பேரல். எந்த செய்தி வந்தாலும் அதுல "ஒரு நாளைக்கு இத்தன பேரல்"னு ஒரு எண் இருக்கான்னு தேடுங்க, இருந்தா 3,800ஆல வகுங்க, அந்த கிணறு நாட்ட எத்தன நிமிஷம் ஓட்டும்னு தெரிஞ்சுரும். செய்தியில டன் கணக்குல போட்டிருந்தா, தினம் ஒரு பேரல்னா வருஷத்துக்கு சுமாரா 50 டன், அத வச்சு மாத்திக்கலாம்.

ஒரு உதாரணம் போட்டுப் பாப்போம். 2024 ஜனவரியில ஆந்திராப் பக்கம் கிருஷ்ணா கோதாவரி ஆழ்கடல்ல ஓ.என்.ஜி.சி. (மத்திய அரசோட எண்ணெய்க் கம்பெனி) புதுசா எண்ணெய் எடுக்க ஆரம்பிச்சுச்சு, உச்சத்துக்குப் போனா தினம் 45,000 பேரல் வரும்னு சொன்னாங்க. நல்ல பெரிய சேதிதான். பெரியார் சிலைப் பக்கத்து டீக்கடையில டிராக்டர் வச்சிருக்கிற அண்ணன் ஒருத்தரு இதக் காட்டி கேட்டாரு.

"ஏப்பா, 45,000 பேரல்னா எம்புட்டு?"

"71 லட்சம் லிட்டர்ண்ணே."

"அடேயப்பா! அப்பறம் என்ன, போதுமே."

"3,800ஆல வகுங்கண்ணே."

அவரே போன்ல வகுத்துட்டு, "11.8. பன்னெண்டு நிமிஷமா? நான் ரெண்டு சால் ஓட்டி முடிக்கிறதுக்குள்ள தீந்துருமேப்பா"ன்னாரு. அவ்வளவுதான் கணக்கு. இதே மாதிரி மும்பைப் பக்கம் கடல்ல இருக்கிற மும்பை ஹை எண்ணெய் வயல், 1974ல கண்டுபிடிச்சு 1976ல எடுக்க ஆரம்பிச்சது, இன்னைக்கும் நம்ம பெரிய வயல்கள்ல ஒண்ணு, 2024 கணக்குப்படி தினம் 1.35 லட்சம் பேரல் கிட்ட, முப்பத்தஞ்சு நிமிஷம். அஸ்ஸாம், குஜராத், ராஜஸ்தான், கடல், நம்ம காவிரிப் படுகை எல்லாத்தையும் கூட்டினா ரெண்டரை மணி நேரம். மிச்சம் இருபத்தொண்ணரை மணி நேரம் கப்பல்தான்.

அடுத்து, கெடைச்சது எண்ணெயா கேஸான்னு பாருங்க

இதுலதான் பாதிப்பேரு ஏமாறுறது. 2025 செப்டம்பர்ல அந்தமான் கடல்ல ஶ்ரீவிஜயபுரம்-2ங்கிற கிணத்துல கெடைச்சது இயற்கை எரிவாயு, பெரும்பங்கு மீத்தேன். குரூப்புக்கு வந்து சேர்றப்ப அது எண்ணெய்க் கடலாயிருச்சு. கேஸ் கெடைச்சா நல்லதுதான், கேஸுலயும் நாம பாதி வாங்கித்தான் ஓட்டுறோம், உரத் தொழிற்சாலைக்கு ஆகும், கரண்ட்டுக்கு ஆகும், குழாய் போட்டா அடுப்புக்கும் ஆகும். ஆனா மதுரைக்குப் போற லாரியோட டேங்க்ல அத அப்படியே ஊத்த முடியாது. நம்ம ராமநாதபுரம் பக்கமும் இதே கதைதான், வழுதூர், பெரியபட்டினம் பகுதியில வர்றது பெரும்பாலும் கேஸ், வழுதூர்ல அத எரிச்சு கரண்ட் எடுக்கிறாங்க. அதனால செய்தியில "கன அடி", "கன மீட்டர்"னு போட்டிருந்தா அது கேஸ், "பேரல்", "டன்"னு போட்டிருந்தா எண்ணெய். ரெண்டும் இல்லாம வெறும் "புதையல்"னு மட்டும் போட்டிருந்தா மேற்கொண்டு படிக்காம தள்ளிவிட்டுருங்க.

கிடங்குல சேமிச்சு வச்சிருக்கிறதையும் இதோட போட்டுக் கொழப்பிக்கிறாங்க. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் மூணு எடத்துல பாறையக் குடைஞ்சு மொத்தம் 53.3 லட்சம் டன் கொள்ளுற மாதிரி கட்டியிருக்காங்க. அதுல இருக்கிறது கப்பல்ல வாங்கி ஊத்துன எண்ணெய், அவசரத்துக்கு. முழுசா நெறைஞ்சிருந்தா, மேல சொன்ன 55 லட்சம் பேரல் செலவுக்கு ஏழு நாளைக்கு வரும்.

மண்ணுக்குள்ள இருக்கிறது வேற, வெளிய வர்றது வேற

"அம்பது கோடி பேரல் இருப்பு"ன்னு தலைப்புல போட்டா உடனே யாருமே ஒரு கேள்வி கேக்க மாட்டேங்கிறாங்க. இருக்கா, எடுக்க முடியுமா?

நம்ம ஊருல எட்டுக்கட்டு பெரிய வீடு, பர்மா தேக்கு, ஆத்தங்குடி கல்லு, மதிப்பு பல கோடின்னு சொல்லுவாங்க, ஆனா முப்பது பங்காளி, பாதிப்பேரு சிங்கப்பூர் மலேசியாவுல, ஒரு கையெழுத்து வாங்க பத்து வருஷம், அவசரத்துக்கு அந்த வீட்ட வச்சு ஒரு லட்சம் பொரட்ட முடியாது. மண்ணுக்குள்ள இருக்கிற எண்ணெயும் அந்த மாதிரி சொத்துதான். பாறையோட பொடிப்பொடி ஓட்டைக்குள்ள ஒட்டிக்கிட்டு இருக்கும், ஏதோ ஏரி மாதிரி தேங்கி நிக்காது. சாதாரண வயல்ல நூத்துக்கு முப்பது முப்பத்தஞ்சு பங்கு வெளிய வந்தாலே நல்ல வேலைன்னு சொல்லுவாங்க, மிச்சம் அங்கேயே கெடக்கும்.

அதனால செய்தியில வர்ற பெரிய எண் "உள்ள இருக்கிறது"ன்னு தெரிஞ்சா மூணால வகுத்துட்டு பேச ஆரம்பிங்க. அதுவும் கூட நிக்காத சமயம் உண்டு. 2005ல கிருஷ்ணா கோதாவரிப் படுகையில குஜராத் அரசு கம்பெனி 20 டிரில்லியன் கன அடி கேஸ்னு அறிவிச்சப்ப நாடே குதிச்சுச்சு, அப்பறம் எடுக்கக்கூடியதுன்னு கணக்குல நின்னது அதுல பத்துல ஒரு பங்கு கிட்டத்தான், கடைசியில 2017ல ஓ.என்.ஜி.சி. தலையில அந்த வயல் வந்து சேந்துச்சு.

சரி, எடுக்க முடியும்னு உறுதியானது மட்டும் மொத்த நாட்டுக்கும் எம்புட்டுன்னு பாத்தா சுமார் 450 கோடி பேரல். நம்ம செலவு வருஷத்துக்கு 200 கோடி பேரல். வகுத்தா ரெண்டே கால் வருஷம். அதாவது நாளைக்கே இறக்குமதிய நிறுத்திட்டு, நம்ம கையிருப்ப அப்படியே உறிஞ்சு எடுக்க முடியும்னே வச்சுக்கிட்டாலும், முடியாது, ஆனா வச்சுக்கிட்டாலும், ஒரு எல்.கே.ஜி. புள்ள ஒண்ணாங்கிளாஸ் போய்ச் சேந்து கொஞ்ச நாள்ல எல்லாம் காலி.

எப்ப வரும், வந்தா நிக்குமா

கண்டுபிடிச்ச தேதிக்கும் முதல் சொட்டு வர்ற தேதிக்கும் நடுவுல எத்தன வருஷம்னு பாருங்க. மும்பை ஹை ரெண்டு வருஷத்துல வந்துச்சு, அது அந்தக் காலத்து அதிர்ஷ்டம், கடல் ஆழமும் கம்மி. ராஜஸ்தான் பார்மேர்ல மங்களா வயல் 2004ல கண்டுபிடிச்சு 2009ல வந்துச்சு. அந்த எண்ணெய் மெழுகு மாதிரி, ஆறினா குழாயிலேயே உறைஞ்சுரும், அதனால குஜராத் வரைக்கும் சுமார் 670 கிலோமீட்டருக்கு சூடு பண்ணிக்கிட்டே இருக்கிற குழாய் போட்டாங்க. பாலைவனத்துல குழாய சூடு பண்ணணும்னு யாராச்சும் நெனைச்சுப் பாத்திருப்போமா. முதல்ல 45,000 பேரல்னு கணக்கு போட்டோமே, அந்த கிருஷ்ணா கோதாவரி ஆழ்கடல் வயல் ஓ.என்.ஜி.சி. கைக்கு வந்தது 2005ல, முதல் எண்ணெய் 2024ல.

இன்னொரு விஷயம், எனக்கு இதுதான் எல்லாத்துலயும் முக்கியம்னு தோணுது, பழைய கிணறு எல்லாம் வருஷா வருஷம் வத்திக்கிட்டே போகுது. உள்ள இருக்கிற அழுத்தம் கொறையும், எண்ணெயோட தண்ணி கலந்து வரும், கொஞ்ச வருஷம் போனா எண்ணெய விட தண்ணி அதிகமா வரும். அத தடுக்க வெளிய இருந்து தண்ணிய அழுத்தி உள்ள செலுத்துவாங்க, மங்களாவுல தண்ணியக் கெட்டியாக்குற பாலிமரையும் கலந்து செலுத்துறாங்க, எல்லாம் காசு. மும்பை ஹை 1980கள்ல தினம் நாலே முக்கால் லட்சம் பேரல் வரைக்கும் குடுத்த வயல், இப்ப அதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல, 2025ல பி.பி.ங்கிற பிரிட்டன் எண்ணெய்க் கம்பெனியக் கூப்புட்டு எப்படியாச்சும் தூக்கிக் குடுங்கப்பான்னு ஒப்பந்தம் போட்டிருக்காங்க.

ஆக புதுக் கிணறு வர்றது முதல்ல பழசு கொறைஞ்ச ஓட்டைய அடைக்கத்தான், அதுக்கு மேல மிஞ்சினாத்தான் இறக்குமதி கொறையும். நம்ம உற்பத்தி 2011-12ல 3.8 கோடி டன், இப்ப 2.87 கோடி. நடுவுல எத்தன தடவ "மாபெரும் கண்டுபிடிப்பு" தலைப்பு படிச்சோம்? 2015ல மத்திய அரசே ஒரு இலக்கு வச்சுச்சு, அப்ப 77 சதவீதமா இருந்த இறக்குமதிய 2022க்குள்ள 67க்கு கொண்டாரணும்னு. 2022ல அது 85க்கு மேல நின்னுச்சு. யாரையும் திட்டுறதுக்கு சொல்லல, வண்டி கூடிக்கிட்டே போகுது, கிணறு வத்திக்கிட்டே போகுது, ரெண்டும் ஒரே நேரத்துல.

ஆகச் சிறந்த அதிர்ஷ்டம் அடிச்சா?

இத கண்டிப்பா போட்டுப் பாருங்க. தென்னமெரிக்காவுல கயானான்னு ஒரு சின்ன நாடு, ஜனத்தொகை எட்டு லட்சம் சொச்சம், 2015ல கடல்ல எண்ணெய் கெடைச்சு 2019 கடைசியில எடுக்க ஆரம்பிச்சாங்க. 1,100 கோடி பேரல் எடுக்கலாம்ங்கிறாங்க, 2024ல தினம் ஆறு லட்சத்துக்கு மேல எடுத்தாங்க. அந்தமான்ல அதே அளவு இருக்கலாம்னு 2025ல மத்திய அமைச்சரே பேசினாரு. சரி, இருக்குன்னே வைங்க. 1,100 கோடிய 200 கோடியால வகுத்தா அஞ்சரை வருஷச் செலவு. தினசரி கணக்குல ஆறரை லட்சத்த 3,800ஆல வகுத்தா 171 நிமிஷம், மூணு மணி நேரத்துக்கு கொஞ்சம் கம்மி. இருக்கிற ரெண்டரையோட கூட்டினா அஞ்சரை மணி நேரம் கூட வரல. உலகமே வாய் பொளந்த ஒரு கண்டுபிடிப்பு நமக்கு கெடைச்சாலும் இறக்குமதி 75 சதவீதத்துக்கு மேலதான் நிக்கும். நாம நூத்தி நாப்பது கோடிப் பேரு, அதுதான் வித்தியாசம்.

பக்கத்துல இருக்கிறது

நம்ம காவிரிப் படுகை எண்ணெய் வருஷத்துக்கு அஞ்சு லட்சம் டன்னுக்கும் கீழ. அஞ்சுன்னே வச்சா தினம் 10,000 பேரல், நிமிஷக் கணக்குல ரெண்டரை. நரிமணத்துல எண்ணெய் கெடைச்சதுன்னு நாகப்பட்டினம் பக்கம் பனங்குடியில 1993ல சுத்திகரிப்பு ஆலை வந்துச்சு, இப்ப அந்த எடத்துல 90 லட்சம் டன் ஆலை கட்டப் போறாங்க. 90 லட்சம் டன்னுக்கு காவிரிப் படுகை எங்க போகும், கப்பல்ல வந்தாத்தான் உண்டு.

இந்த ரெண்டரை நிமிஷத்துக்காக என்ன குடுக்கிறோம்ங்கிறதும் சேத்துப் பாக்கணும். 2017ல புதுக்கோட்டை மாவட்டம் நெடுவாசல்ல, எண்ணெய், கேஸ் எடுக்கிற ஹைட்ரோகார்பன் திட்டத்த எதிர்த்து ஜனங்க ரோட்டுல ஒக்காந்தத மறந்திருக்க மாட்டீங்க. 2020ல வேளாண் மண்டலச் சட்டம் வந்து, தஞ்சாவூர், திருவாரூர், நாகை, அப்பறம் கடலூர், புதுக்கோட்டையில சில ஒன்றியம் எல்லாம் அதுக்குள்ள போயிருச்சு, அங்க புதுசா எண்ணெய்க் கிணறு கூடாது. ராமநாதபுரமும் சிவகங்கையும் அந்தச் சட்டத்துல இல்ல. 2025ல ராமநாதபுரம் மாவட்டத்துல 20 சோதனைக் கிணத்துக்கு அனுமதி குடுத்தாங்க, எதிர்ப்பு கெளம்பவும் மாநில அரசே அத வாபஸ் வாங்கச் சொல்லிருச்சு. சோதனைக் கிணறுன்னா இருக்கா இல்லையான்னு பாக்குற கிணறு, அத வச்சே "எண்ணெய் கெடைச்சிருச்சு"ன்னு போடுறவன் போட்டுக்கிட்டுத்தான் இருப்பான்.

பழைய ஆளுங்க இன்னமும் பெட்ரோல் பங்க்க "பர்மா ஷெல்"லுன்னு சொல்லுவாங்க, கேட்டிருப்பீங்க. நம்ம பக்கத்து ஆளுங்க பர்மாவுல கொடுக்கல் வாங்கல் பண்ணிக்கிட்டு இருந்த காலத்துல ஏனாங்யாங்ல இருந்து கப்பல்ல மண்ணெண்ணெய் இங்க வந்துச்சு. பர்மா அப்ப பிரிட்டிஷ் இந்தியாவுல ஒரு மாகாணம், அதனால அது உள்நாட்டு எண்ணெய். 1937ல பர்மாவப் பிரிச்சாங்க, அதே கிணறு, அதே கப்பல், வெளிநாட்டு எண்ணெய் ஆயிருச்சு. 1942ல ஜப்பான்காரன் வர்றான்னு வெள்ளைக்காரனே அந்தக் கிணத்த எல்லாம் நாசம் பண்ணிட்டுப் போனான். அடுப்பு விளக்குக்கு வேணும்னு நம்பிக்கிட்டு இருந்தவங்க கதி அம்புட்டுத்தான்.

விலை கொறையுமா?

இல்ல. ஒத்த வார்த்தையில முடிச்சிரலாம், ஆனா ஏன்னு கேப்பீங்க. நம்ம நாட்டுல எடுக்கிற கச்சாவையும் உலகச் சந்தை விலைய ஒட்டித்தான் விக்கிறாங்க, உள்ளூருன்னு தள்ளுபடி கெடையாது. அதுக்கு மேல ராயல்டி, செஸ்னு அரசாங்கத்துக்குக் கட்டுற காசு வேற. அமெரிக்காக்காரன் உலகத்துலேயே அதிகமா எண்ணெய் எடுக்கிறவன், அவனுக்கே 2022 ஜூன்ல பெட்ரோல் கேலன் அஞ்சு டாலரத் தாண்டுச்சு. இம்புட்டு எடுத்தும் அவன் தினம் அறுபது லட்சம் பேரலுக்கு மேல இறக்குமதியும் பண்றான், ஏன்னா அவன் எடுக்கிறது லேசான எண்ணெய், அவனோட ஆலை பலதும் கனமான எண்ணெய்க்கு கட்டினது.

அப்ப எடுக்கவே வேண்டாமான்னா அப்படியும் இல்ல. ஒவ்வொரு பேரலுக்கும் டாலர் மிச்சம், வருஷத்துக்கு 130 பில்லியன் டாலருக்கு மேல கச்சாவுக்கே போகுது, அதுல பத்து பில்லியன் மிஞ்சினாலும் பெருசுதான். சண்டை வந்து கப்பல் நின்னா கைக்கு உதவும். என்னோட கருத்து, கெடைக்கிற எடத்துல, விவசாயத்தக் கெடுக்காம, எடுக்கட்டும். இறக்குமதிக்கு மாத்துன்னு மட்டும் சொல்லாதீங்க.

இறக்குமதி கொறையிறது செலவு பக்கத்துல கைய வச்சாத்தான். பிராட்கேஜ் ரயில் பாதை கிட்டத்தட்ட முழுசும் கரண்ட்டுக்கு மாறிருச்சு, டீசல் மிச்சம். பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால் கலக்குறாங்க, அதுல வண்டி மைலேஜ் பத்தி தனிப் பஞ்சாயத்து ஓடுது, அது இங்க வேண்டாம். ஆனா நம்ம செலவுல பெரும்பங்கு டீசல், பத்துல நாலு பங்கு கிட்ட, பெட்ரோல் அதுல பாதி கூட இல்ல. லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும் வழி வந்தாத்தான் பெரிய எண் அசையும். மாசா மாசம் எம்புட்டு வாங்குனோம் எம்புட்டு எடுத்தோம்னு பெட்ரோலியத் துறையோட பி.பி.ஏ.சி. தளத்துல அட்டவணை போடுறாங்க, இலவசம்தான், ஃபார்வர்ட நம்புறதுக்கு முன்னாடி அங்க ஒரு எட்டு பாத்துருங்க.

கடைசியா நெலம் வாங்குறவங்களுக்கு

எண்ணெய்ச் சேதி பரவினா பின்னாடியே புரோக்கர் வருவாரு. "அடியில எண்ணெய் இருக்குங்க, இப்பவே போட்டு வைங்க, பின்னாடி கோடி"ம்பாரு. நம்ம நாட்டுல நெலத்துக்காரருக்கு அடியில இருக்கிற எண்ணெய்ல பங்கு கெடையாது. எடுக்கிற உரிமம் அரசாங்கம் குடுக்கிறது, தரையில எடுக்கிற எண்ணெய்க்கு ராயல்டி மாநில அரசுக்குப் போகும், உங்களுக்கு மேல் நெலத்த பயன்படுத்துறதுக்கு குத்தகையோ இழப்பீடோ மட்டும்தான். அதுவும் கிணறு உங்க சர்வே நம்பர்ல விழுந்தாத்தான். அதனால வானம் பாத்த பூமி என்ன விலைக்குப் போகுமோ அதே விலைய மட்டும் பேசுங்க, பட்டா, வில்லங்கச் சான்று, வண்டிப்பாதை பாருங்க, அவரு எண்ணெய்ப் பேச்ச எடுத்தா "தினம் எத்தன பேரல்ணே?"ன்னு கேட்டுப் பாருங்க.